சுப்புத்தாய் டீச்சர் மறித்த வேன்

பிப்ரவரி 6, 2019. புதன்

உரக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் யூரியா மூட்டை படம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் அக்கா சுப்புத்தாய் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலமானாள். இன்றோடு நாலு நாள். வயது அறுபத்தொன்பது. செவல்கரை சரித்திரத்தில் இப்படியொரு கூட்டம் எந்தச் சாவுக்கும் வந்ததில்லை. பத்தாயிரம் பேர் இருக்கும். கோவில்பட்டி பஸ் ஊருக்குள் வர வழியில்லாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. பஸ் பஞ்சராகி நின்றது என்று சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பதினாறாம் நாள், அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஹாலில் படத்திறப்பு. அன்றைக்கே நினைவு மலர் ஒன்று போட வேண்டும் என்று அக்கா மகள் கலாவதி சொல்கிறாள். தபால் ஆபீசில் இருக்கிறாள். எதையும் ரசீது இல்லாமல் நம்பாதவள்.

"மாமா, வாய்ல கேட்டா நேரத்துக்கு ஒண்ணு சொல்லுவீக. எழுதிக் குடுத்துருங்க. எழுதினதை மாத்த முடியாது பாருங்க" என்றாள்.

நான் எட்டாம் வகுப்பு. எங்கள் காலத்து எட்டு என்றால் இப்போதைய எம்.ஏ. என் கையெழுத்தைப் பார்த்து ஸ்கூல் இன்ஸ்பெக்டரே எழுந்து நின்றிருக்கிறார். அவர் எழுந்தது பேன் சுவிட்சைப் போட என்று அக்கா சொல்வாள். அவளுக்கு நான் உயர்ந்தால் பொறுக்காது.

குறிப்புகள்: அப்பா போனபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது. டீச்சர் ட்ரெயினிங் முடித்த கையோடு வேலையில் சேர்ந்தாள். தம்பிகள் இரண்டு பேரையும் தங்கையையும் ஆளாக்கினாள். கல்யாணமாகி ஆறே வருஷத்தில் அத்தான் போய்விட்டார். அப்புறம் தன் மகள், தங்கை பிள்ளைகள், என் பிள்ளைகள் என்று அவள் வீட்டு உலையில் தினம் பதினோரு பேருக்கு அரிசி வெந்தது. எவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், எவன் வீட்டு மாடு ஈன்றாலும் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை. இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழாது. ஒரு தடவை மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது.

பிப்ரவரி 7. வியாழன்

பந்தல்காரன் நாற்காலி நூறு போதுமா என்றான். ஐநூறு என்றேன். கலாவதி நூற்றைம்பது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 8. வெள்ளி

இன்றைக்கு முக்கியமானதை எழுதுகிறேன். மலருக்கு இதுதான் உயிர்.

1984 ஆவணி மாதம். அப்போதெல்லாம் விடிவதற்கு முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள் வரும். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெரியவர்கள் ஏறுகிற வேன் இல்லை. ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள். கட்டையில் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அள்ளிக்கொண்டு போய், இருட்டின பிறகு கொண்டுவந்து தள்ளும். அதே பிள்ளைகளின் பெயர் அக்கா வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் இருக்கும். தீப்பெட்டி ஆபீசும் பள்ளிக்கூடமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். பிள்ளைகள் வந்ததாகக் குறித்தால்தான் அரசாங்கத்தின் வாத்தியார் போஸ்ட் நிற்கும். அதனால் வராத பிள்ளைக்கும் வருகை போடச் சொல்வார்கள். எல்லா வாத்தியார்களும் போட்டார்கள். அக்கா போடவில்லை.

ஒருநாள் அக்கா ஓடைப் பாலத்தில் போய் நடு ரோட்டில் நின்றாள். கக்கத்தில் வருகைப் பதிவேடு, கையில் டார்ச் லைட். வேன் புயல் மாதிரி வருகிறது. எண்பது மைல் வேகம். அக்கா அசையவில்லை. டிரைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். வண்டி ஓட்டுவதில் ஜில்லாவிலேயே அவனை அடிக்க ஆள் கிடையாது. அவன் மட்டும் அப்படிப் பிரேக் அடிக்காவிட்டால் அன்றைக்கே அக்கா போயிருப்பாள். அவள் சேலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான்.

அக்கா பின்கதவைத் திறந்து பேர் கூப்பிட்டாள். வேனுக்குள்ளிருந்தே பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். நாற்பது பிள்ளைகள். அத்தனை பேரையும் இறக்கி வரிசையாக நடத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தாள். டிரைவர் கண்கலங்கி, சாவியை முதலாளி மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 9. சனி

கலாவதி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, போன தீபாவளிக்கு இது லாரி."

"லாரி மாதிரி பெரிய வேன்."

"டிரைவர் அப்ப மலையாளத்தான்."

"அவன் அம்மா வழியில."

"எங்கம்மாகிட்ட இதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கேன். 'பாலத்துல நின்னது உண்டு, அதுக்கு மேல கேக்காத'ம்பாக. அதுக்கு மேல என்ன மாமா?"

"உங்கம்மாவுக்குத் தற்பெருமை பிடிக்காது."

"சரி, டிரைவர் பேரு என்ன? உசுரோட இருந்தா ஒரு வார்த்தை வாங்கிப் போட்டுருவோம்."

முப்பத்தஞ்சு வருஷக் கதைக்குப் பேரெல்லாம் எங்கே நிற்கிறது என்றேன். என் வீட்டுக்காரி ராமுத்தாய் காபி கொண்டுவந்து வைத்தவள் அங்கேயே நின்றாள். காபி ஆறிப்போய்விட்டது.

பிப்ரவரி 11. திங்கள்

ஹால் கேட்கப் பள்ளிக்கூடம் போனோம். பழைய முதலாளியின் மகன் தனசேகர்தான் இப்போது தாளாளர். நான் உள்ளே போனதும் அவரே எழுந்து நின்றார். (பின்னால் வந்த கலாவதிக்கு நாற்காலி போட.)

ஹாலில் தலைமையாசிரியர் பெயர்ப் பலகை இருக்கிறது. பதினேழு வருஷம் பள்ளிக்கூடத்தை நடத்திய அக்கா பெயர் அதில் கிடையாது. கேட்டேன்.

"அவங்க 'பொறுப்பு'தான அண்ணாச்சி. பொறுப்புல இருந்தவங்க பேரு போர்டுல ஏறாது" என்றார்.

"பதினேழு வருஷமாவா பொறுப்பு?"

"அது எங்கப்பா காலத்து விஷயம்." மேசை மேல் ஒரு தாள் இருந்தது. மலருக்குக் கலாவதி எழுதிய பக்கம் அச்சகத்திலிருந்து எப்படியோ இவர் கைக்கு வந்திருக்கிறது. "ஹால் தாராளமா எடுத்துக்கங்க. படத்தை நானே திறந்து வைக்கிறேன். இந்த வேன் கதை மட்டும் வேண்டாம்மா."

"நடந்தது தான சார்" என்றாள் கலாவதி.

"யாரு சொன்னா? உங்க மாமா சொன்னாரு. போன வருஷம் எங்க வீட்டு விசேஷத்துல இதே கதையில டீச்சர் வண்டிச் சக்கரத்தைக் கையால புடிச்சு நிறுத்தினாங்க. எங்கப்பா படம் அந்தச் சுவத்துல தொங்குது. பார்த்தவங்க யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, போடுங்க. இல்லாம அச்சடிச்சா வக்கீல் வச்சுத்தான் பேசணும்."

சக்கரத்தைப் பிடித்ததாக நான் சொல்லவே இல்லை. பம்பரைப் பிடித்ததாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 12. செவ்வாய்

வாழை இலைக்குச் சொல்லியாயிற்று. அந்த வேனில் போன பிள்ளைகளில் ஒருவன் இன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறான், மாடக்கண்ணு. அவனிடம் போய், "நீ உள்ள இருந்தவன் தானடா, ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். அவன் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்லைங்க அண்ணாச்சி" என்றான். அவன் மகன் தனசேகர் ஆபீசில் சூப்பர்வைசர். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13. புதன்

வேன் பத்தியைக் கலாவதி அடித்துவிட்டாள். சிவப்பு மையில், மேலிருந்து கீழே ஒரே கோடு.

"அதை எடுத்துட்டா உங்கம்மா யாரு? எல்லா ஊர்லயும் இருக்கற மாதிரி ஒரு டீச்சர். 'அன்பின் உருவம், அறிவின் விளக்கு'ன்னு போட்டு மூலைக்கு ஒரு ரோஜாப்பூ போடு" என்று சத்தம் போட்டேன்.

"நானும் வைக்கணும்னுதான் பாக்கறேன். நிரூபிக்க என்ன இருக்கு? அந்தப் பழைய ரிஜிஸ்டரும் இல்லைங்கறாங்க. எங்கம்மா ஒரு பொய் எழுதாம இருந்ததுக்காகப் பதினேழு வருஷம் பொறுப்புலயே கெடந்தாக. அவுக புஸ்தகத்துல நான் பொய் எழுதணுமா?"

"பொய் இல்லடி."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப டிரைவர் யாரு?"

எனக்கு உரக்கடை வரை ஒரு வேலை இருந்தது. போய்விட்டேன்.

பிப்ரவரி 15. வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. வெயில் அதிகம்.

பிப்ரவரி 16. சனி

காலையில் ராமுத்தாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எத்தனை நாளைக்கு அந்தப் புள்ளையைச் சுத்தல்ல விடுவீக?"

"என்ன சுத்தல்?"

"கதைய எப்படி மாத்தினாலும் அந்த டிரைவரை மட்டும் ஒரு தரம்கூடக் கெட்டவனாச் சொன்னதில்ல நீங்க. எனக்கு அது போதும். கல்யாணமான வருசமே தெரியும்."

அவள் கீரைக் காம்பைத் தனியாக ஒதுக்கினாள். நான் டைரியை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

சரி. எழுதுகிறேன். இது மலருக்கு இல்லை.

வேனை ஓட்டியவன் நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஹாரனை ஒரு விதமாக அடிப்பேன், நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. அதைக் கேட்டால் பிள்ளைகள் தூக்கத்திலேயே எழுந்து நடந்து வரும். எழும்பாத பிள்ளையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு வந்து போடுவான். அந்த ஹாரன் சத்தத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

அக்கா பாலத்தில் நின்றாள். எண்பது மைல் எல்லாம் இல்லை. பாலத்தில் மாட்டு வண்டி வேகம்தான் போக முடியும். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து பேர் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னது நிஜம். ஒரு பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொன்னது. ஒவ்வொரு பேருக்கும் பென்சிலால் குறித்தாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"எறங்கு குருசாமி. வீட்டுக்குப் போ. வண்டி இங்கயே நிக்கட்டும்."

"நேரமாகுதுக்கா. விலகு."

விலகவில்லை. ஹாரன் அடித்தேன். முன்னால் போய் நின்றுகொண்டாள். நான் இறங்கி, அவள் இடது கையைப் பிடித்து இழுத்து ஓரமாகத் தள்ளினேன். பாலத்துக் கல்லில் விழுந்தாள். நான் வண்டியை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், அவள் எழுந்திருக்கவில்லை, முதலில் பதிவேட்டைத்தான் தேடி எடுத்தாள். பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆபீசில் இறக்கினேன். ஆறு நிமிஷம் லேட்.

மத்தியானம் சோற்றுக்கு அவள் வீட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன். இடது கையைத் துண்டில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள். வலது கையால் பரிமாறினாள். "ரசம் இருக்கு, ஊத்தவா" என்றாள். நான் ஊற்றச் சொன்னேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் பாலத்தில் நின்றாள். தொட்டில் கட்டோடு. அன்றைக்கு நான் இறங்கவில்லை. பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு அவளே விலகினாள். இப்படி ஒன்பது நாள். தினம் லேட். பத்தாம் நாள் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் விட்டெறியவில்லை. காலில் விழுந்து கேட்டேன், கொடுக்கவில்லை. வேறு டிரைவர் வேறு ரோட்டில் போனான்.

பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டி வந்தது நடக்கவே இல்லை. அக்கா வீடு வீடாகப் போனாள். சாயங்காலம் போய்த் தின்பண்டம் வாங்கிக் கொடுத்து, தகப்பனிடம் ஏச்சு வாங்கி, தாயிடம் கெஞ்சி, ஒரு பிள்ளை, அப்புறம் ஒரு பிள்ளை. ஆறு வருஷம் ஆயிற்று. எல்லாப் பிள்ளையும் வரவில்லை. வராத பிள்ளைக்கு அவள் வருகை போடவும் இல்லை.

டிரைவர் யாரென்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நான் விருந்து வீடுகளில் கதை விடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். திருத்தமாட்டாள்.

பிப்ரவரி 17. ஞாயிறு

சலூனுக்குப் போய் முகம் வழித்தேன். வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 18. திங்கள்

நாற்காலி நிறைந்து ஜனம் நின்றது. ஆயிரம் பேர். சரி, முந்நூறு.

தனசேகர் தலைமை. பத்து நிமிஷம் பேசினார். "டீச்சர் ரொம்ப அமைதியானவங்க. நிர்வாகத்தை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவங்க" என்றார். அக்கா படம் பச்சைத் துணி மூடி மேடையில் இருந்தது. நல்லவேளை, துணி மூடியிருந்தது.

அடுத்து நான். மைக்கைப் பிடித்ததுமே முன்வரிசையில் சிரித்தார்கள். "மாமா, சுருக்கமா" என்றாள் கலாவதி.

"எண்பத்துநாலுல இந்த ஊர்ப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏத்திட்டுப் போன வேனை ஓட்டினவன் நான்" என்றேன்.

"கதை தொடங்கிருச்சுப்பா" என்றான் எவனோ.

"இது கதை இல்ல. சார் சொல்றாரு, எதிர்த்துப் பேசாதவன்னு. என் அக்கா இந்த நிர்வாகத்து வேனுக்கு முன்னால ஒன்பது நாள் நின்னா. முதல் நாள் நான் அவளை இழுத்துக் கல்லுல தள்ளிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் எறக்கினேன். அவ கை அதுலதான் போச்சு. மாட்டு வண்டி எல்லாம் பொய்."

சிரிப்பு நின்றது. தனசேகர் கையைக் காட்டினார், மைக் செத்துவிட்டது. என் தொண்டைக்கு மைக் எதற்கு. "பொய் வருகை போடமாட்டேன்னு சொன்னதுக்குத்தான் பதினேழு வருஷம் பொறுப்பு. அந்தப் போர்டுல அவ பேரு இல்லாததுக்கு அதுதான் காரணம். அன்னைக்கு வண்டிக்குள்ள இருபத்திரெண்டு பிள்ளைக இருந்துச்சு."

தனசேகர் எழுந்தார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். "போன வருஷம் நாப்பதுன்னாரு. அதுக்கு முந்தி லாரின்னாரு. இன்னைக்கு நான்தான் டிரைவர்ங்கறாரு. நாளைக்கு நான்தான் டீச்சர்ம்பாரு. இவரு சொல்றதை நம்புறதுன்னா நம்புங்க."

ஜனம் திரும்பவும் சிரித்தது. கலாவதிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். செத்த மைக்கையே இன்னொரு தரம் தட்டினேன். எனக்கு வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவை. இதில் மிகை இல்லை.

பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இருபத்திமூணு."

நாற்பத்தைந்து வயது இருக்கும். சாத்தூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை என்று பிறகு தெரிந்தது. பேச்சியம்மாள்.

"பின்னால எடமில்லைன்னு என்னை முன்னால உங்க பக்கத்துல உக்கார வச்சீக. கியர் போடும்போதெல்லாம் என் முட்டில இடிக்கும். டீச்சர் பின்னால பேரு கூப்பிட்டு முடிச்சிட்டு முன்னால வந்து, 'பேச்சியம்மா இருக்கியா'ன்னாக. நான் உள்ளேன் டீச்சர்ன்னேன். நீங்க என்னைய, 'சத்தம் போடாத மூதி'ன்னீக."

நினைவு வந்தது. பச்சைப் பாவாடை. அவளை நான் எண்ணவே இல்லை. பின்னால் இருந்ததைத்தான் இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நீங்க தள்ளினதை நான் கண்ணால பாத்தேன். எனக்கு அப்ப ஏழு... இல்ல, பத்து வயசு" என்றாள். "எட்டு வருஷம் கட்டை அடுக்கினேன். டீச்சர் எங்க வீட்டுக்குப் பதினாலு தரம் வந்தாக. எங்கப்பா விடல. பதினஞ்சாவது தரம் விட்டாரு" என்றாள்.

டீக்கடை மாடக்கண்ணு எழுந்தான். தனசேகரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். "மறுநாள் கையில தொட்டில் கட்டியிருந்தாக. நானும் உள்ள இருந்தேன்." உட்கார்ந்துவிட்டான். பிறகு தூணோரம் ஒருத்தி எழுந்தாள். அப்புறம் இரண்டு பேர். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி நின்றார்கள்.

தனசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். படத்துத் துணி அப்படியே இருந்தது.

கலாவதி கடைசி வரிசை வரை நடந்து போனாள். "அக்கா, நீங்க வந்து தொறங்க" என்று பேச்சியம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் கலாவதி எனக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, "எங்கம்மா தலை சீவ முடியாம என்னைச் சீவிவிடச் சொல்லுவாக மாமா" என்றாள். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 27. புதன்

வக்கீல் நோட்டீஸ் வந்தது. கலாவதி முறைப்படி கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

மார்ச் 9. சனி

நோட்டீசுக்குப் பதிலாகப் பதினாலு பேர் பேரும் ஊரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மலரில் வருகிறது. படத்தை ஹாலில் மாட்டவிடவில்லை. இப்போது அது பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, மாடக்கண்ணு டீக்கடைக்குள் தொங்குகிறது. அவன் மகனை வேறு ஆபீசில் சேர்த்தாயிற்று. டீக்கு வருகிற வாத்தியார்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

படத்திறப்பன்று வராமல் நின்றுபோன மலரை வேறு அச்சகத்தில் கொடுத்திருக்கிறது. அங்கிருந்து வந்த புரூப்பைக் கலாவதி இன்றைக்குக் கொண்டுவந்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறினாள். பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். வேன் பத்தியில் எண்பது மைல் இல்லை, வாட்டசாட்டம் இல்லை. 'வேனை ஓட்டியவர் டீச்சரின் உடன்பிறந்த தம்பி' என்று ஒரு வரி.

"இதை நான் எடுக்க மாட்டேன் மாமா. ஆனா பேரு போடல. உங்க சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம்னு அத்தை சொன்னாக."

ராமுத்தாய் உள்ளேயிருந்து, "நான் சொன்னேன்தான். அவுக இஷ்டம்" என்றாள்.

"உங்கம்மாவுக்குத் தம்பி ரெண்டு பேரு" என்றேன். "சின்னவன் மிலிட்டரில கெடந்தவன். படிக்கறவன் அது அவன்தான்னு நெனச்சா?"

"அப்ப?"

"குருசாமின்னு போடு."

"ஊர்ல நாலு குருசாமி இருக்காக."

"இனிஷியலோட போடு. பெ. குருசாமி. மேலத்தெரு."

கலாவதி பேனாவை எடுத்து வரிக்கு மேலே சிறிய எழுத்தில் எழுதினாள். 'பெ'க்குப் பிறகு புள்ளி வைத்தாளா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வைத்திருந்தாள்.